வாசகர் இல்லை என்று சொல்லாதீர்கள், தொடர்கதையைத் திரும்பக் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் தொடர்கதைக்கென்று இருந்த பக்கத்தை எடுத்துவிட்டீர்கள். அந்த இடத்தில் இப்போது சினிமா நடிகைகளின் படங்களும் ராசிபலனின் மிச்சமும் வருகின்றன. ஏன் என்று கேட்க உங்கள் காரியாலயத்துக்குக் கோல் எடுத்தேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "மலையகத்தில வாசிக்கிற ஆக்கள் இப்ப இல்லை ஐயா, எல்லாரும் போனைத்தான் பார்க்கிறாங்க" என்றார். அந்த ஒரு பேச்சுக்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்டுவதென்றால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், குரோஷிய நாவலாசிரியர் ஷெனோவாவை வெட்டாதீர்கள்.

நான் தலவாக்கலை பஜாரில் பத்திரிகைக் கடை வைத்திருப்பவன். பத்திரிகையோடு அப்பியாசக் கொப்பி, பேனை, பஞ்சாங்கம், லொத்தர் சீட்டு எல்லாம் உண்டு. எங்கள் ஐயா காலத்துக் கடை. ஞாயிறு காலையில் முதல் பஸ்ஸில் பொதி இறங்கினால் அதை அவிழ்ப்பது இன்றைக்கும் என் கைதான். யார் வாங்குகிறார்கள், யார் நின்றுவிட்டார்கள், யார் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வெற்றிலையை வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாங்குகிறவர்கள் குறைந்தது உண்மை. ஆனால் அவர்கள் குறைந்ததால் நீங்கள் கதையை நிறுத்தவில்லை. நீங்கள் கதையை நிறுத்திய பிறகுதான் அவர்கள் குறைந்தார்கள். முதலில் நின்றவர்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். அரசியல் செய்திக்காக அவர்கள் ஒருநாளும் பத்திரிகை வாங்கியதில்லை.

சரி, ஷெனோவா யார்? என் தங்கச்சியின் மகன் குரோஷியாவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். நம் பக்கத்துப் பிள்ளைகள் டுபாய், கட்டார் என்று போனது போக இப்போது ருமேனியா, குரோஷியா என்றும் போகிறார்கள், உங்களுக்குத் தெரியும். அவன் இருப்பது தலைநகரமான ஸாக்ரெப்பில். அங்கே விளாஷ்கா என்றொரு தெரு. அந்தத் தெருவில் விளம்பரம் ஒட்டுகிற வட்டத் தூண் ஒன்றில் ஒரு மனிதர் சாய்ந்து நிற்கிறார். வெண்கலச் சிலை. பீடம் கிடையாது, குதிரை கிடையாது, வாள் கிடையாது. தெருவில் போகிறவர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுக்கலாம். மருமகனும் அப்படி ஒன்று எடுத்து அனுப்பி, "மாமா, இவர் உங்களைப் போல பத்திரிகைக்காரராம்" என்று எழுதியிருந்தான். அதில் தொடங்கியதுதான். கடையில் கூட்டம் இல்லாத பின்னேரங்களில் அந்த ஆளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவருடைய முதல் நாவலை ஆங்கிலத்தில் தேடிப் பிடித்து அனுப்பி வைத்ததும் மருமகன்தான். போனை மட்டும் பார்க்கிற தலைமுறை என்று சொன்னீர்களே, அந்தத் தலைமுறைப் பையன்தான்.

ஆகுஸ்ட் ஷெனோவா 1838 நவம்பர் 14ஆம் திகதி ஸாக்ரெப்பில் பிறந்தார். தகப்பன் பிஷப்பின் மாளிகைக்கு இனிப்புப் பண்டம் செய்து கொடுத்த மனிதர், வெளியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வீட்டில் பேசியது ஜெர்மன். குரோஷிய இலக்கியத்தில் ஒரு காலகட்டத்துக்கே இன்றைக்கு 'ஷெனோவா காலம்' என்றுதான் பெயர். அப்படிப் பெயர் வாங்கிய மனிதருக்கு வீட்டு மொழி குரோஷியன் இல்லை. மலையகத் தமிழைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்று உங்கள் பத்திரிகையிலேயே கட்டுரை எழுதிச் சண்டை பிடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சட்டம் படிக்கப் போனார். ஸ்ட்ரோஸ்மாயர் என்ற பிஷப் உதவிப்பணம் கொடுத்து பிராக் நகரத்துக்கு அனுப்பினார். ஷெனோவாவுக்குச் சட்டத்தில் மனம் ஒட்டவில்லை. கவிதை எழுதினார், நாடகம் பார்த்தார், ஊர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். பட்டம் வாங்காமலே படிப்பு முடிந்துபோனது. அப்புறம் வியன்னாவுக்குப் போய் அங்கே பத்திரிகை வேலை. 1866இல் ஊருக்குத் திரும்பி வந்தபோதும் கையில் இருந்தது பத்திரிகைத் தொழில் மட்டும்தான்.

வியன்னாவில் இருந்தபோது, 1865இல், 'நமது இலக்கியம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். உங்கள் காரியாலயத்துத் தம்பி வாசிக்க வேண்டியது அதைத்தான். அந்தக் காலத்து ஸாக்ரெப் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்துக்குள் இருந்தது. படித்த வீட்டுப் பெண்கள் வாசித்தது ஜெர்மன் நாவல்கள். அதுவும் நல்ல நாவல்கள் இல்லை, வியன்னாவில் மலிவாக அச்சடித்து வருகிறவை. நாடகக் கொட்டகையில் 1860 வரை ஜெர்மன் நாடகம்தான். குரோஷிய மொழியில் எழுதினால் வாங்க ஆள் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஷெனோவாவும் அதை மறுக்கவில்லை. வாசகர் குறைவுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பழியை வாசகர் மேல் போடாமல் எழுதுகிறவர்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் இந்த மக்களுடைய வாழ்க்கையையும் சரித்திரத்தையும் எழுதவில்லையே, பிறகு அவர்கள் எதற்காக உங்களை வாசிக்க வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி.

கேட்டதோடு விட்டிருந்தால் இன்னொரு விமர்சகர் என்று போயிருப்பார். 1868இல் அவருக்கு நகரசபையில் நோட்டராக, அதாவது ஆவணங்களை எழுதிப் பதிகிறவராக, வேலை கிடைத்தது. அதே வருடம் கல்யாணமும் நடந்தது. நகரசபையின் பழைய ஏடுகள், வழக்குப் பதிவுகள், வரிக் கணக்குகள் எல்லாம் கையெட்டும் தூரத்தில் வந்துவிட்டன. தூசு தட்டிப் படிக்க ஆரம்பித்தார். பதினாறாம் நூற்றாண்டில் ஸாக்ரெப் நகரத்து மக்களுக்கும் மேலே மலையில் மெத்வெத்கிராத் கோட்டையில் இருந்த பிரபுவுக்கும் நடந்த தகராறு அந்த ஏடுகளில் கிடந்தது. அதை வைத்து 1871இல் 'வியெனாட்ஸ்' என்ற வார இதழில் ஒரு தொடர்கதை எழுதினார். 'பொற்கொல்லரின் பொன்' என்று தமிழில் சொல்லலாம். குரோஷிய மொழியில் நாவல் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய முதல் நாவல் அதுதான் என்கிறார்கள்.

கதை இதுதான். டோரா என்று ஒரு பொற்கொல்லரின் மகள். கோட்டைப் பிரபுவின் மகன் பாவ்லே அவள் மேல் ஆசைப்படுகிறான். பிரபுவுக்கு இது பிடிக்குமா? ஊர்க்காரனின் மகள், அதிலும் தன்னோடு வழக்காடுகிற ஊர். அப்புறம் ஊரில் ஒரு நாவிதன், சொக்கோலின் என்று பெயர். டோராவைப் பெண் கேட்டு இல்லையென்று சொல்லப்பட்டவன், அந்த வன்மத்தை மறக்காதவன். இன்னொரு பக்கம் கிளாரா என்று ஒரு பணக்கார விதவை, அவளுக்கும் பாவ்லே மேல் கண். பேச முடியாத ஊமைப் பையன் ஒருவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு திரிகிறான். கடைசியில் டோராவை விஷம் வைத்துக் கொல்கிறார்கள்.

சம்பளம் போட்ட ஒரு ஞாயிறன்று இந்தக் கதையை என் கடை மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொல்லிப் பார்த்தேன். கொப்பி வாங்க வந்த இரண்டு பேருக்குத்தான் ஆரம்பித்தேன். நாவிதன் வந்த இடத்தில் வெளியில் நின்றவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். ஹொலிரூட் பக்கத்திலிருந்து வருகிற ஒரு அக்கா, கையில் மரக்கறிப் பையோடு, "அந்தப் பிரபு மகன் சும்மாவா இருந்தான் மொதலாளி?" என்று கேட்டார். இன்னொருவருக்கு ஊமைப் பையன் யார் பிள்ளை என்று அப்போதே தெரிந்தாக வேண்டும். நான் வேண்டுமென்றே அந்த இடத்தில் நிறுத்தி, மிச்சம் அடுத்த ஞாயிறு என்றேன். திட்டிவிட்டுப் போனார்கள், ஆனால் அடுத்த ஞாயிறு வந்தார்கள். இவர்களையெல்லாம் நீங்கள் வாசிக்காத ஆட்கள் என்கிறீர்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஷெனோவாவின் எழுத்து எல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. டோரா அளவுக்கு மீறி நல்லவள். கெட்டவர்கள் வரும்போதே கெட்டவர்களாக வருகிறார்கள். தற்செயல் அதிகம். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிற ஆட்கள் இல்லாவிட்டால் பாதிக் கதை நகராது. இன்றைக்கு விருதுக்கு அனுப்பினால் நடுவர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் நகரத்து மக்கள் தங்கள் தெருவை, தங்கள் கல்வாசலை, தங்கள் மலைக்கோட்டையை முதல்முறையாக ஒரு கதைக்குள் பார்த்தார்கள். அந்தக் கல்வாசலுக்குப் பக்கத்தில் டோராவுக்கு இன்றைக்கு ஒரு சிலை இருக்கிறது. எழுத்தாளருக்குச் சிலை வைக்கிற ஊர்கள் உண்டு, அவர் படைத்த பெண்ணுக்கும் சேர்த்து வைத்த ஊர் இது.

கவிதையும் எழுதினார் என்று சொன்னேன். அதில் எனக்குப் பிடித்தவை ஊர்க்கதையைப் பாட்டாக்கியவை. ஸாக்ரெப்புக்கு மேலே உள்ள மலையில் சில பாறைகள் நிற்கின்றனவாம். ஒரு தாய் தன் மகனின் கல்யாண ஊர்வலத்தைச் சபித்தாள், ஊர்வலமே கல்லாகிப் போனது என்பது அந்த ஊர்க்கதை. அதை எடுத்து நீண்ட பாட்டாக எழுதியிருக்கிறார். நம் மலைகளில் கதை இல்லாத பாறை ஏது? எத்தனை தோட்டத்தில் மாடசாமிக்கும் முனியாண்டிக்கும் கல் நட்டு வைத்திருக்கிறோம், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வரலாறு சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதையெல்லாம் இரவு இரவாகத் தொடர்ந்து நடக்கும், கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியவிடியப் பார்ப்பார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையை லாம்பு வெளிச்சத்தில் ஒருவர் வாசிக்க, எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பத்திரிகைத் தொடர்கதையும் அப்படித்தான் போனது. என் அத்தை தொடர்கதைப் பக்கங்களைக் கத்தரித்து, கோணி ஊசியால் தைத்துப் புத்தகமாக வைத்திருந்தார். அந்தப் புத்தகம் மேல் லயத்துக்கும் பணிய லயத்துக்கும் போய்வந்து ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

ஷெனோவா 1874இல் அதே 'வியெனாட்ஸ்' இதழுக்கு ஆசிரியரானார். சாகும் வரை விடவில்லை. அதற்கு முன்பே நாடகக் கொட்டகையில் கலைப் பொறுப்பு, 1873இலிருந்து நகரசபை உறுப்பினர் பதவி, பிறகு 1877இலிருந்து குரோஷியப் பதிப்புச் சங்கமான மாத்திட்சாவில் உபதலைவர் வேலை. இதற்கு நடுவில் ஊரைக் கிண்டலடித்து 'ஸாக்ரெபுல்யே' என்று பத்தி வேறு. அரைகுறை ஜெர்மன் பேசிப் பெருமையடிக்கிற கனவான்களும் சீமாட்டிகளும் அதில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நுவரெலியாவுக்கு ஏப்ரல் சீசனில் வருகிற நம் ஆட்களைப் பற்றி அப்படி யாராவது எழுதினால் நான் கடை வாசலில் தொங்கவிட்டு விற்பேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1877இல் அவர் எழுதிய தொடர், 'விவசாயிகள் கலகம்'. 1573இல் நடந்த உண்மைச் சம்பவம். சூசெத்கிராத், ஸ்துபிட்சா என்ற பகுதிகளுக்கு ஃபிரான்யோ தாஹி என்று ஒரு நிலப்பிரபு. குடியானவர்களின் மாட்டையும் விளைச்சலையும் பறிக்கிறவன், அடிக்கிறவன். அந்தக் காணி யாருக்கு என்று அவனுக்கும் இன்னொரு பிரபு குடும்பத்துக்கும் வழக்கு. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நசுங்கியது வேலை செய்கிற சனம். முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு செய்து பார்த்தார்கள். பிறகு மத்தியா குபெட்ஸ் என்ற குடியானவனைத் தலைவனாக்கிக்கொண்டு எழும்பினார்கள். அவர்கள் கேட்டது புது உலகம் ஒன்றுமில்லை, முன்பு இருந்த பழைய உரிமைகளைத் திருப்பிக் கொடு என்பதுதான். கலகம் இரண்டு கிழமைகூட நிலைக்கவில்லை. பெப்ரவரி 9ஆம் திகதி பனிக்குள் தோற்றார்கள். ஆறு நாள் கழித்து குபெட்ஸை ஸாக்ரெப்பில் கொன்றார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கிரீடத்தை அவன் தலையில் வைத்து 'ராஜா' என்று கேலி செய்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள்.

முன்னூறு வருடத்துக்குப் பிறகு ஒரு நகரசபை உறுப்பினர் ஆவணங்களைத் தேடிப் படித்து அதை வாரா வாரம் எழுதுகிறார். குடியானவர்கள் வெறும் கூட்டமாக வரவில்லை. பெயரோடு வருகிறார்கள், அவர்களுக்குள்ளும் சண்டை இருக்கிறது, துணிந்தவனும் பயந்தவனும் இருக்கிறான். குபெட்ஸின் பெயர் இன்றைக்கு அங்கே குழந்தைக்கும் தெரிகிறதென்றால் அதில் இந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் இதை எழுதிய அதே 1877இல் சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். எங்கள் பாட்டன் பூட்டன்மார் பலர் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறி, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து இந்த மலைகளுக்கு வந்தது அந்த வருடங்களில்தான். அவர்கள் வந்தபோது கோப்பிச் செடியில் 1869இல் பிடித்த இலைநோய் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தது. பஞ்சத்துக்குத் தப்பி வந்த சனம் செத்துக்கொண்டிருந்த பயிரின் கீழ் வேலைக்கு நின்றார்கள். இதைவிடப் பெரிய நாவலுக்கு என்ன வேண்டும்? கங்காணியின் கடன் புத்தகம், கடன் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாத குடும்பம், துரை பங்களாச் சமையல்காரன், எல்லாம் இருக்கிறது. காதலும் இருந்திருக்கும், விஷமும் இருந்திருக்கும்.

குபெட்ஸ் என்றதும் எனக்கு முல்லோயா கோவிந்தன் ஞாபகம்தான் வந்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்ட பக்கம் முல்லோயா தோட்டத்தில் சம்பளம் கூட்டிக் கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டில் விழுந்தவர். வருடா வருடம் தொழிற்சங்கக் கூட்டத்தில் மாலை போடுகிறார்கள், நீங்களும் நாலு வரிச் செய்தி போடுகிறீர்கள். சென்ற ஜனவரியில் அந்தச் செய்தியைக் காட்டி, இவர் யார் தெரியுமா என்று கடைக்கு வந்த உயர்தரப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நாலு வரியில் யார்தான் ஒரு மனிதனைத் தெரிந்துகொள்ள முடியும்?

மலையகத்தில் எழுதுகிறவர்கள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பூண்டுலோயா மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை எங்கள் தலவாக்கலைத் தொகுதிக்கு 1947இல் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். கவிஞர், நாவலாசிரியர், தொழிற்சங்கக்காரர். நகரசபையில் இருந்துகொண்டு நாவல் எழுதிய ஷெனோவாவோடு கூசாமல் பக்கத்தில் நிறுத்தலாம். அவருக்குப் பின்னும் வரிசையாக எழுதியிருக்கிறார்கள், இப்போதும் எழுதுகிறார்கள். புத்தகம் போட்டு, வெளியீட்டு விழா வைத்து, மிச்சப் பிரதிகளை வீட்டில் கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது வாரா வாரம் வருகிற ஒரு பக்கம்தான்.

ஆனால் ஒரு முறைப்பாடு எழுதுகிறவர்கள் மேலும் உண்டு. எங்கள் கதையென்றாலே அட்டை, மழை, லயம், கண்ணீர் என்று ஆகிவிட்டது. முதல் வரியிலேயே முடிவு தெரிகிறது. கஷ்டப்படுகிறவனுக்குத் தன் கஷ்டத்தையே திரும்பத் திரும்பச் சொன்னால் காசு கொடுத்து வாங்குவானா? ஷெனோவா குடியானவர்களின் துன்பத்தை எழுதினார், ஆனால் அடுத்த கிழமை என்ன நடக்கும் என்ற கேள்வியையும் வைத்தார். சதி இருந்தது, சிரிப்பு இருந்தது, குதிரை ஓடியது. சாகிற வருடம், 1881இல், 'பிராங்கா' என்று ஒரு கதை எழுதினார். ஸாக்ரெப்பில் படித்த ஆசிரியை ஒருத்தி வேண்டுமென்றே யால்ஷெவோ என்ற பட்டிக்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். இடிந்த பள்ளிக்கூடம், அக்கறையில்லாத ஊர் அதிகாரிகள். முடிவில் ஷெனோவா அவளுக்குப் பிரபு ஒருவரைக் கல்யாணம் கட்டி வைத்துவிடுகிறார், அது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி, நம் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்த டீச்சர்மார் வாசித்தால் பாதி இடத்தில் தங்களைப் பார்ப்பார்கள்.

அவருடைய மரணத்தையும் சொல்லிவிட வேண்டும். 1880 நவம்பர் 9ஆம் திகதி காலையில் ஸாக்ரெப்பில் பெரிய பூமியதிர்ச்சி. ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் வாழ்ந்த நகரம். தேவாலயம் சேதம், வீடுகள் சேதம், சனம் ஊரைவிட்டு ஓடியது. நகரசபை உறுப்பினர் என்ற முறையில் ஷெனோவா வீடு வீடாகப் போய்ச் சேதத்தைப் பார்த்துப் பதிகிற வேலையில் இறங்கினார். நவம்பர் குளிர், கூரை போன வீடுகள். அதில் பிடித்த நோய் நெஞ்சுக்குள் இறங்கி, பிறகு விடவேயில்லை. அப்போது அவர் 'சாபம்' என்று ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். எழும்ப முடியாமல் போனபோது படுக்கையில் கிடந்தபடி சொல்லிச் சொல்லி எழுதவைத்தார். முடிக்கவில்லை. 1881 டிசம்பர் 13ஆம் திகதி இறந்தார். வயது 43. மிச்சத்தைத் தோமிச் என்ற இன்னொரு எழுத்தாளர் எழுதி முடித்தார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களே பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். மண் சரிந்து பாதை மூடி, உங்கள் பொதியும் வராமல் கடையைச் சும்மா திறந்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு குடையும் பைலுமாக அதிகாரிகள் லயம் லயமாக ஏறி இறங்கி, இந்தச் சுவர் வெடித்திருக்கிறது, இந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்று எழுதிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அவர்களில் ஒருவர் சேற்றுக் காலோடு கடைக்கு வந்து பேனை வாங்கினார். மழையில் பேனை எழுதவில்லையாம். இப்படியொரு வேலையில் போன நாவலாசிரியர் ஒருவர் இருந்தார் என்று அவருக்குச் சொல்ல நினைத்தேன், அவருக்கு நேரம் இருக்கவில்லை.

ஷெனோவா இத்தனை வேலையைத் தலையில் போட்டுக்கொண்டதற்குக் காரணம் எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை என்பதும்தான். எனவே ஐயா, தொடர் எழுதுகிறவருக்குக் காசு கொடுங்கள். இரண்டு பிரதி இனாமாக அனுப்பிவிட்டுச் சன்மானம் என்று சொல்லாதீர்கள். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய் உட்கார்ந்து பழைய கோப்புகளைப் பார்க்க பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் வேண்டும். தோட்டத்துக் கந்தோர்களில் செக்ரோல் என்கிற பழைய தொழிலாளர் பெயர்ப் பதிவுப் புத்தகங்கள் இருக்கின்றன. போன வருடம் ஒரு தோட்டத்தில் அலுமாரியைத் துப்புரவாக்கி அவற்றை எடைக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் பஜாரில் அந்தத் தாளில் கருவாடு சுற்றிக் கொடுத்தார்கள். நான் வாங்கிய கால் கிலோவைச் சுற்றிய தாளில் பெயரும், தகப்பன் பெயரும், இந்தியக் கிராமத்தின் பெயரும் அழகான மைக் கையெழுத்தில் இருந்தன. கழுவி, காயவைத்து, மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஷெனோவாவுக்கு நகரசபை ஏடு கிடைத்ததுபோல எழுதத் தெரிந்த யாருக்காவது இதெல்லாம் கிடைத்திருக்க வேண்டும். யார் கையிலாவது இப்படி இன்னும் இருந்தால் கடையில் கொண்டுவந்து கொடுக்கும்படி உங்கள் பத்திரிகை மூலமாகவே கேட்டுக்கொள்கிறேன்.

பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறேன், நான் விற்கிறவன் என்பதால். எழுத்துச் சின்னதாக வேண்டாம், கண்ணாடி போட வசதியில்லாத அம்மாமார்தான் முக்கிய வாசகர்கள். படம் ஒன்று கையால் வரைந்ததாக இருக்கட்டும். கொம்பியூட்டரில் செய்கிற படத்தில் கொழுந்துக் கூடையை எங்கே மாட்டுவது என்றுகூடத் தெரிவதில்லை, வயிற்றில் மாட்டி வைக்கிறார்கள். விளம்பரத்தைக் கதையின் நடுவில் புகுத்த வேண்டாம், பின்பக்கத்திலும் கதைக்கு நேர் பின்னால் மரண அறிவித்தல் போடாதீர்கள். கத்தரித்துத் தைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அடுத்த வீட்டு மரணத்தையும் சேர்த்துத் தைக்க அவர்களுக்கு மனம் வராது. முன்கதைச் சுருக்கம் கட்டாயம் வேண்டும், ஒரு கிழமை சம்பளம் பிந்தினால் ஒரு கிழமை பத்திரிகை வாங்க மாட்டார்கள்.

எந்தக் கதை என்பதை நீங்களும் எழுத்தாளர்களும் பேசிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முல்லோயாவிலிருந்து தொடங்கலாம். இல்லாவிட்டால் இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களை இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டுப் பிரித்தார்களே, தலைமன்னார் இறங்குதுறையில் அண்ணன் கப்பலில், தம்பி கரையில் என்று நின்ற குடும்பங்களின் கதை. அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், என் கடைக்கே வருகிறார்கள்.

தொடர் ஆரம்பிக்கிற திகதியை ஒரு மாதம் முன்னால் அறிவித்துவிடுங்கள். சுவரொட்டி அனுப்பினால் பஜாரிலும், ரயில் நிலையத்துப் பக்கமும், கோயில் வாசலிலும் நானே ஒட்டுகிறேன். முதல் நான்கு வாரத்துக்கு இப்போது எடுப்பதைப் போல இரண்டு மடங்கு பிரதி எடுத்துக்கொள்ள முன்பணம் கட்டத் தயார். விற்காத பிரதியைத் திருப்பி அனுப்பவும் மாட்டேன்.

இப்படிக்கு,
பத்திரிகைக் கடைக்காரர் ஒருவர்,
தலவாக்கலை.